நாற்பத்திரண்டாவது வெற்றி

அந்த மருத்துவமனையில் இரண்டு சர்வர்கள் இருந்தன. ஒன்று வேலை செய்தது. மற்றொன்றுக்கு மரியாதை செய்தார்கள்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, எங்கிருந்து யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். வேலை செய்த சர்வரில் ஓர் இணையச் செயலி ஓடியது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் அல்லவா, அவர்களுக்கு எந்த நாள், எந்த மெஷின், எத்தனை மணி என்று சொல்வது அந்தச் செயலி. சொன்னதோடு ஒரு சீட்டும் அச்சடித்துக் கொடுக்கும். சீட்டை மெஷின் படித்துப் பார்த்து, "இது உன் சீட்டுதானா?" என்று சர்வரைக் கேட்கும். ஆமாம் என்றால் ஓடும். இல்லை என்றால் பெரிய டாக்டரே வந்து கெஞ்சினாலும் ஓடாது. பாதுகாப்பு ஏற்பாடு. யாருடைய பாதுகாப்பு என்று கேட்டவர்கள்மேல் கோப்பு திறந்த வரலாறு உண்டு.

இந்தச் செயலியைப் பராமரிக்க நான்கு மாதம் முன்பு ஒரு பெண் ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். பெயர்ப்பலகை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் என்பதால் அவளை எல்லோரும் 'ஒப்பந்தம்' என்றே கூப்பிட்டார்கள். "ஒப்பந்தம் சாப்பிட்டாச்சா?" "ஒப்பந்தத்தை மேல வரச் சொல்லு." முதல் வாரம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் பார்க்கப் பழகிவிட்டாள்.

செயலியில் இருந்த பிழையை அவள் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய மாமா கண்டுபிடித்தார். அம்மாவின் தம்பி; லாரி ஓட்டியவர்; சிறுநீரகம் போனபின் அவளோடு தங்கியிருந்தார். காலையில் எழுந்ததும் கட்டை விரலால் கணுக்காலுக்கு மேலே ஒரு அழுத்து அழுத்துவார். குழி விழும். அது மேடாக எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்பதுதான் உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதற்கு அவர் வைத்திருந்த மீட்டர்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல திங்கக்கிழமைய வித்துட்டீங்களா?" என்றார் அன்று, போனை நீட்டி. "இருபத்தெட்டு வெள்ளிக்கு முறை இருக்கு. அதுக்கப்புறம் நேரா ரெண்டாந்தேதி புதன். நடுவுல முப்பத்தொண்ணு திங்கள் எங்க?"

"சீட்டு இன்னும் வரலையா இருக்கும் மாமா."

"போன முப்பத்தொண்ணாந்தேதியும் இப்படித்தான் சொன்னே. அப்புறம் என்னைத் தூக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான்கு நாள் மெஷின் இல்லாமல் நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். இந்த முறை வெள்ளியிலிருந்து புதன்வரை ஐந்து நாள்.

அன்றைக்கே செயலியைக் குடைந்து பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன் எழுதிய யாரோ ஒரு புண்ணியவான், மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்துவிட்டிருந்தார். முப்பத்தொன்றாம் தேதிக்குச் செயலி முறையே போடாது. இத்தனை வருஷம் யாரும் பார்க்கவில்லையா என்று டயாலிசிஸ் அறை நர்ஸிடம் போய்க் கேட்டாள்.

"முப்பத்தொண்ணுன்னா சீட்டு வராதும்மா. பராமரிப்பு நாள்னு நெனச்சு போர்டே மாட்டிட்டோம், பாரு."

"வந்து நின்னவங்க?"

"திரும்பிப் போயிடுவாங்க. நாங்க 'நோயாளி வரவில்லை'ன்னு எழுதிடுவோம். வேற காரணம் எழுத அந்தப் படிவத்துல கட்டமே இல்ல."

பிழையைத் திருத்த வேண்டியது ஒரு வரி. ஒரு காபி ஆறுவதற்குள் திருத்திவிட்டாள். தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றாம் தேதி இரண்டு வேளையிலுமாகப் பத்தொன்பது பேர் முளைத்தார்கள்; காலை ஒன்பது, மதியம் பத்து. மாமா மதிய வேளையில் இருந்தார்.

இனி அதைச் சர்வரில் ஏற்ற வேண்டும். ஏற்றுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அதன் அழகே தனி. சர்வரில் வரிசையாக அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் செயலியின் ஒரு பதிப்பு. வாசலில் 'இப்போது' என்று ஓர் அம்புப் பலகை; அது எந்த அறையைக் காட்டுகிறதோ, கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அந்த அறைக்குப் போவார்கள். புதிய பதிப்பைக் காலி அறையில் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைக்கலாம். எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுப் பலகையைத் திருப்பினால் போதும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. ஏதாவது கோளாறா, பலகையைப் பழைய அறைக்கே திருப்பிவிடலாம். ஒரு நோயாளிக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

அங்கே இதற்கு ஒரு குழு இருந்தது. ஏற்றப் பரிசோதனைக் குழு. தலைவரின் அறையில் நாற்பத்தோரு சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கின. நாற்பத்தொன்றும் வெற்றி.

"எத்தனை வரி மாத்தறீங்க?" என்றார் தலைவர்.

"ஒரே வரிதான் சார்."

"ஒரே வரிதான்னு சொல்லாதீங்க. ஒரு வரிக்கும் லட்சம் வரிக்கும் இங்க நடைமுறை ஒண்ணுதான். அதுக்குப் பேர்தான் சமத்துவம். பதினாலு நாள் முன்னறிவிப்பு. இன்னிக்குப் பதினேழு. அப்ப..." பக்கத்திலிருந்த பதிவாளரம்மா விரல் விட்டு எண்ணினார். "முப்பத்தொண்ணு, சார்."

"அன்னிக்குக் காலைல ஒன்பதரைக்கு முதல் ஆளு மெஷின்ல படுக்கணும் சார். கொஞ்சம் முன்னாடியே..."

"ஒன்பது மணிக்கு வைக்கலாம். தாராளமா அரை மணி நேரம் இருக்கு."

"சரி சார். அதுக்குள்ள சோதனை சர்வர்ல ஒரு தடவை ஏத்திப் பாத்துடறேன்."

பதிவாளரம்மா பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் எழுந்து, சின்னக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் சோதனை சர்வர் இருந்தது. நான்கு பக்கமும் அரக்கு முத்திரை. பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள்.

"தரச் சான்றிதழ் வாங்கின சர்வர்மா இது. இதுல எதையாவது ஏத்தினா, சான்றிதழ் வாங்கினப்ப இருந்த நிலை மாறிடும். மாறிட்டா இது சோதனைக்கு லாயக்கில்லாத சர்வர் ஆயிடும். அதனாலதான் இதுல நாங்க எதையும் சோதிக்கறதில்ல."

"அப்ப எதுல சார் சோதிக்கறது?"

"ஆள வச்சு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்திநான்காம் தேதி கூட்ட அறையில் ஒத்திகை நடந்தது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அலுவலக உதவியாளரை உட்காரவைத்து, கழுத்தில் 'சர்வர்' என்று அட்டை மாட்டினார்கள். பதிவாளரம்மா கட்டளைகளை எழுத்தெழுத்தாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் உதவியாளர் "ஆச்சு" என்றார். ஒரு மணி நேரம் வாசித்ததும் தலைவர் கேட்டார்:

"சர்வர், உன் நிலைமை என்ன?"

"நல்லா இருக்கேன் சார். முதுகுதான் கொஞ்சம் புடிச்சுக்கிச்சு."

"முதல் பாதியை மட்டும் பதிவு பண்ணுங்க."

ஒப்பந்தம் கையைத் தூக்கினாள். "சார், முப்பத்தொண்ணாந்தேதிக்கு முறை வருதான்னுதானே பாக்கணும்?"

நியாயம்தான் என்று தலைவர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "முப்பத்தொண்ணாந்தேதி உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு நான் லீவு சார். மச்சினன் வீட்டுக்குப் போறேன்."

"சர்வர் லீவு போடக்கூடாது," என்று பதிவாளரம்மா அதட்ட, அவர் லீவை ரத்து செய்தார். ஒத்திகை வெற்றி என்று தீர்மானம் எழுதினார்கள். தீர்மானத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி கிடையாது.

வெளியே வந்தபோது சர்வர் அறைச் சாவியை வைத்திருக்கும் ஊழியர் படிக்கட்டில் நின்றிருந்தார். சாவிக்காரர் என்பார்கள். குளிர் அறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர்.

"நிஜமாவே புதுசா ஒண்ணை ஏத்தப் போறியாம்மா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பாத்து ரொம்ப நாளாச்சு," என்று சொல்லி அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

முப்பத்தொன்று. பத்தொன்பது பேருக்கும் நர்ஸ் முன்பே தகவல் சொல்லியிருந்தாள். கீழே ஒன்பது பேர் ஒன்பது கட்டிலில் படுத்துக் கையை நீட்டிக் காத்திருந்தார்கள். மேலே கூட்ட அறையில் கம்ப்யூட்டரைத் திரையோடு இணைத்து, ஊசி போடும் டாக்டரைச் சுற்றி நிற்பதுபோல் குழு நின்றது.

முதலில் கைரேகை எடுத்தார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பெரிய செயலியானாலும், அதை மொத்தமாக ஒரு கணக்குக்குள் செலுத்தி அறுபத்துநான்கு எழுத்துள்ள ஒரு சரமாக்கிவிடலாம். செயலியில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் அடியோடு மாறிவிடும். இங்கிருந்து அனுப்பியதன் ரேகையும், அங்கே போய்ச் சேர்ந்ததன் ரேகையும் ஒன்றாக இருந்தால், வழியில் எதுவும் சிதையவில்லை என்று அர்த்தம். அபாரமான உத்தி.

'இப்போது' பலகை காட்டும் அறையின் ரேகையைப் பதிவாளரம்மா வாசித்துக் குறித்துக்கொண்டார். பிறகு ஒப்பந்தம் தன் பதிப்பைக் காலி அறையில் வைத்தாள். பலகையைத் திருப்பினாள்.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கீழேயிருந்து நர்ஸ் போன் செய்தாள். குரலில் சிரிப்பு. "சீட்டு வருதும்மா! தேதி போட்டு வருது! ஒன்பது பேருக்கும் வந்தாச்சு!"

நான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் அந்தக் கட்டடத்துக்குள் பல் தெரியச் சிரித்தாள். அதற்குள் பதிவாளரம்மா மறுபடி ரேகை எடுத்து, முதல் ரேகையோடு வைத்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். முதல் எழுத்திலேயே நின்றார்.

"சார். பொருந்தல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொருந்தாது சார்," என்றாள் ஒப்பந்தம், குழம்பிப்போய். "முதல்ல எடுத்தது பழைய செயலியோட ரேகை. இப்ப எடுத்தது புதுசோடது. நான் அனுப்பினதோடதான் ஒப்பிடணும்."

"விதி பதினொண்ணு என்ன சொல்லுது?"

பதிவாளரம்மா மனப்பாடமாகச் சொன்னார்: "ஏற்றத்துக்கு முன் சர்வர் எப்படி இருந்ததோ, ஏற்றத்துக்குப் பின்னும் அப்படியே இருக்க வேண்டும்."

"அப்படியே இருந்தா எதுக்கு சார் ஏத்தணும்?"

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தக் கேள்விய ஏழு வருஷமா இங்க யாரும் கேட்டதில்லம்மா. கேட்காததாலதான் நாப்பத்தொரு வெற்றி. ஒரு தடவைகூட இந்தச் சர்வர்ல எதுவும் மாறினது கிடையாது. நோயாளிங்க வருவாங்க, போவாங்க. டாக்டருங்க மாறுவாங்க. நிலையா நிக்கறது சர்வர் ஒண்ணுதான். அதுல கை வைக்கறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு? பலகையத் திருப்புங்க."

"சார், கீழ ஒன்பது பேர் படுத்திருக்காங்க."

"அவங்க படுத்திருக்கறது நடைமுறைக்கு வெளியில. திருப்புங்க."

கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்த சாவிக்காரர் அவளைப் பார்க்காமல் பலகையைத் திருப்பினார். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அவள் மூன்று மாடியும் ஓடி இறங்கினாள். சீட்டுகளை மெஷின்களுக்குள் விட்டிருந்தார்கள். மெஷின்கள் சர்வரைக் கேட்டிருந்தன. ஒன்பது திரையிலும் ஒரே வாசகம்: 'இப்படி ஒரு தேதி இல்லை.'

"நேத்து முப்பதுதானே? நாளைக்கு ஒண்ணாந்தேதிதானே?" என்று ஒரு தையல்காரர் கட்டிலிலிருந்தே கேட்டார். "அப்ப நாம இப்ப எங்கதான் இருக்கோம்?"

யாரோ சிரித்தார்கள். மூச்சு வாங்கியதால் சிரிப்பு பாதியில் நின்றது. கால் மணி ஆனதும் தையல்காரரும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து கிளம்பிவிட்டார்கள்.

"கால் மணி நேரத்துல ஓடலன்னா அனுப்பிடணும்னு விதிம்மா," என்றாள் நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு பேர் எழுந்து போயிட்டாங்க. மத்தவங்களைப் பாத்ரூம்ல இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மாமா மதிய முறைக்குக் காலையிலேயே வந்து, நடைபாதையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கு இடையில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"அதாவது," என்றார், "பங்சரான டயரைக் கழட்டி, அதையே திரும்ப மாட்டினாத்தான் பாஸு."

"ஆமா மாமா."

"நல்ல டயர் மாட்டினா ஃபெயிலு."

"ஆமா."

"அப்ப வண்டி ஓட்டறவன் பாடு?"

அவள் படிக்கட்டுக்குத் திரும்பினாள். பல்லைக் கடித்திருந்தாள், தாடை வலித்தது. மேலே போகும் வழியில் சாவிக்காரர் காத்திருந்தார்.

"உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்," என்றார். "நாப்பத்தொரு அறையும் தெறந்து பாரு. எல்லாத்துலயும் ஒரே செயலி. குழு போடறதுக்கு முன்னாடி ஒருத்தர் புதுசு ஏத்தினாரு, ரேகை பொருந்தலன்னு வேலைய விட்டே தூக்கினாங்க. அடுத்தவரு மூளைக்காரரு. இருந்ததையே ஒரு நகல் எடுத்து, பக்கத்து அறைல வச்சு, பலகையத் திருப்பிட்டாரு. அட்டகாசமாப் பொருந்துச்சு. அவருதான் இப்பத் தலைவரு."

"நீங்க ஏழு வருஷமா சும்மா பாத்துட்டு இருந்தீங்களா?"

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா," என்றார் அவர். அவள் விடவில்லை, அவர் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதினொன்றரைக்குத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். முகம் வெளிறியிருந்தது. ஏழு வருஷச் சுவரில் முதல் தோல்வியை எங்கே மாட்டுவது என்ற கவலை.

"பாருங்கம்மா, நீங்க சின்ன வயசு. உங்க மேல நடவடிக்கை எடுக்க எனக்கு மனசில்ல. பன்னண்டு மணிக்கு மறு ஏற்றம் வச்சிருக்கேன். இருக்கற செயலியையே எடுத்து ஏத்திடுங்க. எல்லாருக்கும் நிம்மதி. நாப்பத்திரண்டு ஆயிடும்."

"இருக்கற செயலியவா சார்?"

"இருக்கறதை. ஒரு எழுத்து மாறக்கூடாது."

"மாறாது சார்," என்றாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது சர்வர் அறைக்குப் போனாள். சாவிக்காரர் கதவைத் திறந்துவிட்டு, அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்காமல், ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வாசலை அடைத்து நின்றார். ஒரே ஒரு கட்டளை. 'இப்போது' பலகை புதிய பதிப்பின் பக்கம் திரும்பியது. திருட வந்தவள்போல ஒரு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சம்பளம் வாங்குவதே இந்த வேலைக்குத்தான். அதை ஒளிந்து செய்ய வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது பயம் போய்க் கோபம் வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் குழு கூடியது. பதிவாளரம்மா 'முன்' ரேகையை எடுத்தார். அதைக் காலையில் எடுத்த ரேகையோடு ஒப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காலையின் தாள் தோல்விக் கோப்புக்குப் போயிருந்தது. தோல்விக்கென்று கோப்பே இல்லாததால் புதிதாக ஒன்று திறந்து, எவர் கண்ணிலும் படக்கூடாதென்று பூட்டியிருந்தார்கள். ஒப்பந்தம், இருப்பதை நகல் எடுத்தாள், அதாவது புதியதை. பக்கத்து அறையில் வைத்தாள். பலகையைத் திருப்பினாள். 'பின்' ரேகை எடுத்தார்கள். பதிவாளரம்மா அறுபத்துநான்கு எழுத்தையும் வாசித்தார். கடைசி எழுத்துக்கு வந்தபோது குரல் தழுதழுத்தது.

"பொருந்துது சார்!"

கைதட்டினார்கள். உதவியாளர் எழுந்து நின்றே தட்டினார். தலைவர் பேசினார்.

"காலைல ஒரு சின்ன சலசலப்பு. அவசரம், இளமை. ஆனா நடைமுறை ஜெயிச்சுது. பாத்தீங்களா? ஒண்ணுமே மாறல! இந்தக் கட்டடத்துல நான் காலடி வச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, நான் போற அன்னிக்கும் அப்படியே விட்டுட்டுப் போவேன். இதைவிட ஒரு மனுஷன் என்ன சாதிக்க முடியும்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தத்தின் போனில் நர்ஸின் செய்தி வந்தது. காலை முறையில் மீதி ஆறு பேருக்கும் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. மதியப் பத்துச் சீட்டும் வந்துவிட்டது. 'மாமாவுக்கு மூணாம் நம்பர் மெஷின். ஒரு மணிக்குப் போட்டுடறேன்.' அதற்குக் கீழே மூன்று போன் நம்பர்கள். எழுந்து போன மூன்று பேருடையவை.

ஒரு மூலைக்குப் போய் அழைத்தாள். முதல் ஆள் பஸ்ஸிலேயே இருந்தார்; அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்புகிறேன் என்றார். இரண்டாவது நம்பரில் மகள் எடுத்தாள், முதலில் நன்றாகத் திட்டினாள், பிறகு ஆட்டோவில் அழைத்து வருகிறேன் என்றாள். மூன்றாவது அந்தத் தையல்காரர். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. துண்டித்து மறுபடி போட்டாள்.

"ஒப்பந்தம், இங்க வாம்மா. கையெழுத்து."

போனைக் காதில் வைத்துக்கொண்டே மேசைக்கு வந்தாள். பதிவாளரம்மா குறிப்பை அவள் பக்கம் திருப்பினார். 'நாற்பத்திரண்டாவது ஏற்றம். மாற்றம்: எதுவுமில்லை. நோயாளிகளுக்குப் பாதிப்பு:' அதற்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

அதில் உண்மையை எழுதினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் ரேகை எடுப்பார்கள், பலகை திரும்பும், மூன்றாம் நம்பர் மெஷின் பாதியில் நிற்கும். பேனாவைக் கையில் எடுத்தாள். காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடும்போது போன் பேசக்கூடாதும்மா."

"நான் பேசல மேடம். காலைல திருப்பி அனுப்பினோமே, அதுல ஒருத்தர். பத்து நிமிஷமா அடிக்கறேன், எடுக்க மாட்டேங்கறாரு."

பதிவாளரம்மாவின் முகம் மலர்ந்தது. அவளிடமிருந்து பேனாவை வாங்கி, காலிக் கட்டத்தில் தானே அழகாக எழுதினார்: 'இல்லை'.

"எடுக்கலன்னா புகார் இல்லன்னுதானே அர்த்தம்," என்று சொல்லி, பேனாவைத் திருப்பி நீட்டினார்.